கொசுறு வெளிச்சம்

அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு மூன்று நிமிடம்தான். வாரத்தில் மூன்று நாள், காலை ஒன்பது மணிக்குள், மூன்று நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு ரப்பர் வளையத்தில் நெற்றியைச் சாய்த்தால், இமைகளின் வழியே ஆழ்ந்த சிவப்பு உள்ளே இறங்கும். வலிக்காது, சுடாது. நூற்றெண்பதாவது விநாடியில் விளக்கு தானாக அணைந்து ஒரு மணி அடிக்கும்.

மதுரைத் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் செவ்வொளி நல மையம். தோலுக்கு ஓர் அறை, தலைமுடிக்கு ஓர் அறை, மூட்டு வலிக்கு ஓர் அறை. கடைசி அறை கண்ணுக்கு. சாகத் தொடங்கிய விழித்திரையை இந்த வெளிச்சம் எழுப்பிவிடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு சேர்த்தது. மருத்துவமனைகளில் இதற்கு இரண்டு வருடக் காத்திருப்பு. நல மையத்துக்கு டாக்டர் சீட்டு வேண்டாம். இது வைத்தியம் இல்லை, உடல்நலப் பராமரிப்பு என்றுதான் அனுமதி வாங்கியிருந்தார்கள். நான்கு அறைகளையும் கவனித்துக்கொண்டவள் ஜெசிந்தா. இருபத்தெட்டு வயது. ஆறு வாரப் பயிற்சி முடித்தவள்.

பாண்டிச்செல்வி அவளுக்குப் புதியவள் இல்லை. அந்தக் கட்டடத்தின் கீழேயே, தெருமுனையில் காய்கறிக் கடை போட்டிருந்தாள். ஜெசிந்தா தினமும் அவளிடம்தான் வாங்குவாள். முதல் நாள் பாண்டிச்செல்வி கறிவேப்பிலை வாசத்தோடு மாடிப்படியைக் காலால் தடவித் தடவி ஏறி வந்தாள்.

"இதுல என்னத்தா பண்ணுவீங்க? கரண்டு கிரண்டு வைப்பீங்களா?"

"வெறும் வெளிச்சம்தாங்க்கா."

"காலையில ஆறு மணியிலருந்து வெயில்லதான் உக்காந்துருக்கேன். அதுல இல்லாத வெளிச்சமா ஒங்கிட்ட இருக்கு?"

ஜெசிந்தா சிரித்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைத் தன் பாஷையில் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள கோடிக்கணக்குல சின்னச் சின்ன அறை இருக்குன்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு அறையிலயும் ஒரு அடுப்பு. அது எரியிற வரைக்கும்தான் அந்த அறைக்கு உசுரு. ஒங்களுக்கு ஓரத்துல இருக்குற அடுப்பெல்லாம் ஒண்ணொண்ணா அணைஞ்சுக்கிட்டு வருது. இந்தச் செவப்பு போயி ஊதிவிடும்."

"ஊதுகுழல்."

"ஆமா, ஊதுகுழல்தான்."

"சரி, ஊது."

ஓரத்திலிருந்து உள்ளே இருட்டிக்கொண்டு வரும் பரம்பரை நோய் அது. அவளுடைய அப்பாவுக்கும் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் பாண்டிச்செல்விக்கு உலகம் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கியிருந்தது.

"யாவாரத்துக்கு இது போதும்த்தா. தராசத்தான பாக்கணும், வாங்குறவன் மூஞ்சியவா பாக்கப் போறோம்? எம்மககிட்டதான் ஆகல."

மகள் தாரணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். புருஷன் இல்லாத வீட்டில் அம்மாவும் மகளுமாக இருபத்திரண்டு வருடம் கையால் பேசிப் பேசி ஒரு மொழியை உண்டாக்கி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சைகை மொழி இல்லை அது. காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் பிறந்தது. வெங்காயம் உரிப்பதுபோல் செய்தால் அழுகை. முருங்கைக்காயை உருவுவதுபோல் செய்தால், முடியவே மாட்டேன் என்கிற நாள். கைபேசியில் இருந்த சைகை மொழிபெயர்ப்புச் செயலி ஒருமுறை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "வெங்காயம். முருங்கைக்காய்," என்று மட்டும் சொன்னதாம். இருவரும் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன்ல வருவா. மூஞ்சியப் பாத்தா கை தெரிய மாட்டேங்குது. கையப் பாத்தா மூஞ்சி போயிருது. கை 'நல்லாருக்கேன்'னு சொல்லுது. மூஞ்சி என்னா சொல்லுச்சுன்னு தெரியல. ரெண்டும் சேந்தாத்தான அது பேச்சு?"

"சேர்த்துக் காட்டிருவோம்க்கா," என்றாள் ஜெசிந்தா.

பாண்டிச்செல்வியின் கடையில் கொசுறு இல்லாமல் யாரும் போனதில்லை. அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினால் ஒரு பிடி கொத்தமல்லி, இரண்டு பச்சை மிளகாய். கேட்காதவர்களுக்கும் வைப்பாள். கேட்டு வாங்குகிறவர்களிடம் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு வைப்பாள். எடை போட்டுக் கொடுத்ததற்கு மேலே அவளாக ஒன்றை வைத்த பிறகுதான் வாங்கியவரின் பை அவள் கையை விட்டு நகரும். ஜெசிந்தாவின் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாக விழும்.

மூன்றாவது வாரம், மணி அடித்த பிறகும் பாண்டிச்செல்வி நெற்றியை எடுக்கவில்லை.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்க்கா. மூணு நிமிஷம்."

"என்னத்தா இது, எண்ணி எண்ணிக் குடுக்குற? ஒரு கொசுறு கிடையாதா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. தோல் அறையில் இது அன்றாடம் நடப்பதுதான். கல்யாணம் வைத்திருக்கிற பெண்கள், "இன்னும் ரெண்டு நிமிஷம் போட்டு விடுங்க சிஸ்டர்," என்பார்கள். இயந்திரத்தில் 'மறுபடி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிடுவாள். யாருக்கும் எதுவும் ஆனதில்லை. கண் அறைக்கு மூன்று நிமிடம் மட்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. பயிற்சியில் அவள் கேட்கவும் இல்லை.

பொத்தானை அழுத்தினாள். மனதுக்குள் அறுபது வரை எண்ணி நிறுத்தினாள். தினமும் எலுமிச்சம்பழம் கூடுதலாகப் போடுகிறவளுக்குத் திருப்பிக் கொடுக்கத் தன்னிடமும் ஏதோ இருந்ததில் ஜெசிந்தாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், கீழே இருந்து பாண்டிச்செல்வியின் குரல் மாடிக்கே கேட்டது. ஜெசிந்தா பதறி இறங்கினாள். கடையில் கைபேசியைத் தக்காளிக் கூடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணாத் தெரியுதுத்தா! மூஞ்சியும் கையும் ஒண்ணாத் தெரியுது! கழுத்துல புதுப் பாசி போட்டுருக்கா, எங்கிட்டச் சொல்லவே இல்ல!"

திரையில் ஒல்லியாக ஒரு பெண். ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவள் கைகள் வேகமாக ஏதோ சொல்லின.

"என்னக்கா சொல்றாங்க?"

"'எங்கம்மாவ எனக்குத் திருப்பிக் குடுத்தது இந்த அக்காதானா'ங்குறா."

மூன்று நிமிடம் செய்த வேலை அது. ஆனால் அதை நான்காவது நிமிடம்தான் செய்தது என்று இருவரும் நம்பினார்கள். அடுத்த வாரம் கொசுறு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. பிறகு இரண்டு.

கண் அறைக்கு வந்த மற்றவர்களுக்கு அவள் இப்படிச் செய்யவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மணி அடிப்பதற்கும் எழுந்துகொள்வதற்கும் நடுவில் மூச்சுவிடக்கூட மாட்டார். நன்றி சொல்லமாட்டார். ஜெசிந்தாவும் அவரிடம் அதிகம் பேசியதில்லை.

ஆறாவது மாதம் பாண்டிச்செல்வி சாதாரணமாகத்தான் சொன்னாள். "நடுவுல ஒரு ஓட்ட விழுந்துருக்குத்தா. எங்க திரும்புனாலும் கூடவே வருது."

"எவ்வளவு பெருசு?"

"அவரைக்கொட்ட அளவு. புள்ள வாய்கிட்ட வந்து நிக்குது."

அன்றைக்கு ஜெசிந்தா மூன்று நிமிடம் கூடுதலாக வைத்தாள். அந்த வாரம் முழுவதும் வைத்தாள். அடுத்த வாரமும்.

ஃபைசல் ஆண்டுப் பராமரிப்புக்கு வந்த நாளில் பாண்டிச்செல்வி மாடிக்கு வருவதை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. கடையும் போடவில்லை. ஃபைசல் இயந்திரங்களைச் செய்த கம்பெனியின் ஆள். கண் நாற்காலியின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"சிஸ்டர், ஏழாம் நம்பருக்கு நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம், ஆறுன்னு ஓடிருக்கு. மெஷின் கோளாறா?"

"இல்ல. நான்தான் எக்ஸ்ட்ரா வச்சேன்."

"ஏன்?"

"நல்லதுதான? வெளிச்சம்தான?"

ஃபைசல் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அடுப்ப ஊதுறதுன்னு சொல்லிருப்பாங்கல்ல?"

"ஆமா."

"அணையப்போற அடுப்ப ஊதுனா பத்திக்கும். பத்துன பெறகும் நிறுத்தாம ஊதுனா? வெறகு இருக்குற வரைக்கும் நல்லா எரியும் சிஸ்டர். பாக்கவே பிரகாசமா இருக்கும். அப்பறம் சாம்பல்தான்." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "தோலுன்னா பரவால்ல. ஒரு மாசத்துல புதுத்தோலு வந்துரும். விழித்திரை வராது. மூணு நிமிஷம் வரைக்கும் இது வேற வெளிச்சம், அதுக்கு மேல வேற வெளிச்சம். மணி அடிக்குதுல்ல, அது 'முடிஞ்சிருச்சு'ன்னு சொல்றதுக்கு இல்ல. 'நிறுத்து'ன்னு சொல்றதுக்கு."

"அப்பறம் எதுக்கு அந்தப் பொத்தான வச்சீங்க?"

"நாலு ரூமுக்கும் ஒரே பேனல். கண்ணுக்குத் தனியா செஞ்சா செலவுன்னு விட்டுட்டாங்க."

"திரும்புமா?"

ஃபைசல் திரையை அவள் பக்கம் திருப்பினான். கண் அறைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேருக்கு நேரே மூன்று, மூன்று, மூன்று என்று கடைசி வரை ஓடியிருந்தது. அந்தப் பத்துப் பேருக்கும் கண் தெரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். அவள் பிரியம் வைக்காத யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மையத்தின் உரிமையாளர் லாவண்யா மேடத்துக்குப் போன் செய்து அழுதாள்.

"நோய் முத்திருச்சுன்னு சொல்லிரு ஜெசி. பொய்யும் இல்ல அது. எப்படியும் ஒருநாள் போகவேண்டிய கண்ணுதான? நாம என்ன ஆஸ்பத்திரியா நடத்துறோம்?"

அவள் அதை நான்கு மாதம் சொல்லிப் பார்த்தாள், தனக்குத்தானே. நான்கு மாதமும் தெருமுனையில் கடை இருந்த இடம் காலியாகவே கிடந்தது. ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோவிலிலிருந்து நேராக வண்டியூருக்கு, பாண்டிச்செல்வியின் வீட்டுக்கு, ஆட்டோ பிடித்தாள்.

ஒற்றை அறை வீடு. கதவு திறந்திருந்தது. தரையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பாண்டிச்செல்வி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் பழகிய வேலையைச் செய்தன. முகம் சுவரைப் பார்த்திருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்த தாரணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜெசிந்தாவை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதை ஜெசிந்தாவால் பார்க்க முடியவில்லை.

"யாரு?"

"ஜெசிந்தாக்கா."

"வாத்தா, வாத்தா! இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா ஒனக்கு? கண்ணு தெரியாதவ நானா, நீயா?"

தாரணி கைபேசியில் எதையோ தட்டினாள். அதிலிருந்து ஒரு பெண்குரல் வழுவழுவென்று பேசியது: "அம்மா. அக்காவுக்குக் காபி. போடவா."

"இவ ஒருத்தி," என்றாள் பாண்டிச்செல்வி. "ரேடியோக்காரி. எம்மக எழுதுறத வாசிக்கிறா. பசிக்குதுன்னாலும் அதே கொரலு, தலவலின்னாலும் அதே கொரலு. செய்தி வந்துருதுத்தா. புள்ளதான் வர மாட்டேங்குறா." மொச்சைத் தோலை ஒதுக்கினாள். "கையப் பிடிச்சுப் பாத்தேன். பிடிச்சா அவளால பேச முடியல. விட்டா எனக்குக் கேக்கல. நான் பேசுறது மட்டும் அவளுக்குப் போகுது. கெணத்துக்குள்ள கல்லப் போட்டுட்டு, சத்தமே வராம நிக்கிற மாதிரி இருக்கு."

ஜெசிந்தா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடனே சொல்லிவிட்டாள். மணி, பொத்தான், அடுப்பு, சாம்பல், ஏழாம் நம்பர், எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது பாண்டிச்செல்வியின் விரல்கள் நின்றிருந்தன.

"கேட்டது நாந்தான," என்றாள்.

"குடுத்தது நான்."

"ஓட்ட விழுந்துருக்குன்னு சொன்ன பெறகுமா குடுத்த?"

"அதுக்கப்பறம்தான்க்கா நெறையக் குடுத்தேன்."

பாண்டிச்செல்வி முறத்தைத் தரையில் வைத்தாள். தாரணி அம்மாவின் தோளைத் தட்டினாள். என்ன என்று கேட்கிறாள். தோளில் தட்டுவது ஒன்றுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி.

பாண்டிச்செல்வி முகத்தை மகள் இருந்த திசைக்குத் திருப்பிக் கைகளைத் தூக்கினாள். கண்ணைத் தொட்டாள். நெற்றியைச் சாய்ப்பதுபோல் காட்டினாள். மூன்று விரல். பிறகு விரல் நுனிகளைக் குவித்து ஒரு சிட்டிகை எடுத்து, கொசுறு வைப்பதுபோல் மேலே வைத்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடி சிட்டிகை, மறுபடி நெஞ்சு.

ஜெசிந்தாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் நெஞ்சைத் தொட்டால் 'நான்' என்பது தெரியும். இவ்வளவு நேரத்தில் அந்தக் கை ஒருமுறைகூட ஜெசிந்தாவின் பக்கம் நீளவில்லை என்பதும் தெரிந்தது. தாரணி புரியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நானே கேட்டு, நானே கெடுத்துக்கிட்டேன்' என்று மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம். இன்னொரு முறை இருந்துவிடலாம். ஜெசிந்தா தாரணியின் முழங்காலைத் தொட்டாள். அவள் திரும்பியதும் தன் நெஞ்சைக் காட்டினாள். கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினாள். தன் நெஞ்சு. அழுத்தல். அழுத்தல். அழுத்தல். பிறகு பாண்டிச்செல்வியின் கண்கள்.

தாரணியின் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் போனது. பிறகு கைகள் எழுந்தன. உள்ளங்கை மேல் உள்ளங்கை அறையும் சத்தம். தொண்டைக்குள்ளிருந்து, அவளுக்கே கேட்காத ஒரு சத்தம்.

"என்னா சொல்றா?" என்றாள் பாண்டிச்செல்வி. "என்னா சொல்றா எம்மக?"

"கோவமா இருக்காக்கா."

"அது கேக்குது. கை என்னா சொல்லுது?"

"எனக்குத் தெரியாதேக்கா, ஒங்க பாஷ."

"தெரிய வேணாம். கை எங்க இருக்கு, வெரலு எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு."

ஜெசிந்தா தாரணியின் கைகளைப் பார்த்தாள். "வலது கை… என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. வெரலெல்லாம் விரிஞ்சிருக்கு. இப்ப மூடிட்டா. வாசல் பக்கம் வீசுறா. மறுபடியும் வீசுறா."

"அழுகுன தக்காளிய எடுத்து வெளிய எறியிற மாதிரியா?"

"ஆமா."

"ஒன்னைய வெளிய போகச் சொல்றா."

ஜெசிந்தா எழுந்தாள். செருப்பு எங்கே என்று கண்கள் தேடின.

"எங்க போற?"

"அவதான போகச் சொல்றா."

"நீ போயிட்டா, அடுத்து அவ சொல்றத எனக்கு யாரு சொல்லுவா?" பாண்டிச்செல்வியின் கை காற்றில் தடவி அவள் புடவை நுனியைப் பிடித்தது. அந்தப் பிடியில் மன்னிப்பு இல்லை. "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தாரணியின் கைகள் பாதியில் நின்றிருந்தன. அம்மாவின் உதடுகளையும், ஜெசிந்தாவின் உதடுகளையும், புடவையைப் பிடித்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ ஒன்று மெதுவாக விளங்கியது. சோதித்துப் பார்ப்பதுபோல், இடது கையில் மிகச் சின்னதாக ஒன்றைச் செய்தாள்.

"இடது கை," என்றாள் ஜெசிந்தா. "கன்னத்துல வச்சு, ரெண்டு வெரல மட்டும் மடக்கி, காதுக்குப் பின்னால கொண்டுபோறா."

பாண்டிச்செல்வியின் முகம் அப்படியே நின்றது. பிறகு அவள் கைகள் பதில் சொல்ல எழுந்தன. ஏதோ சொல்லின. தாரணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல மாதங்களில் அவள் கையால் சொன்ன ஒன்று முதல் முறையாக அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் நகர்ந்து வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அம்மாவுக்கு எதிரே இல்லை, ஜெசிந்தாவுக்கு எதிரே. அம்மாவோடு பேச வேண்டுமானால் இந்த முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். சிவந்த கண்களால் அதையே முறைத்தபடி, ஆனால் ஜெசிந்தா பார்த்துச் சொல்லும்படி, ஒவ்வொரு சைகையாக நிறுத்தி நிறுத்திச் செய்தாள்.

"ரெண்டு கையும் நெஞ்சுகிட்ட… குறுக்கால. இப்பப் பிரிக்கிறா. வலது கைய நெத்தியில வைக்கிறா. ஒதட்ட உள்ள இழுத்துக்கிட்டா. கைய நீட்டுறா, எதையோ பிடிக்க வர்ற மாதிரி. பிடிக்கல. வெறுங்கையத் திருப்பிக் காட்டுறா."

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மொச்சைத் தோலின் மேல் இரண்டு சொட்டு விழுந்தது.

"என்னக்கா சொன்னா?"

"அது ஒனக்கு இல்ல." குரலில் கடுமை இல்லை. "அடுத்து?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். தாரணி புறங்கையைக் கண்ணின் மேல் வைத்திருந்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"புறங்கையக் கண்ணுல வைக்கிறாக்கா. எடுக்குறா. திரும்ப வைக்கிறா."

"அழுகுறாளா, பேசுறாளா?"

அழுகிறாள் என்று சொல்ல வாய் வந்தது. உங்களை நினைத்து அழுகிறாள் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லலாம்போல் இருந்தது. ஜெசிந்தா அந்தக் கையையே பார்த்தாள், நீண்ட நேரம்.

"தெரியலக்கா," என்றாள்.